2147483647-க்கு 7 பிரிமிட்டிவ் ரூட் என்று கைக்கணக்கில் காட்ட வழி உண்டா?

கணக்கு ஆர்வலர்களுக்கு வணக்கம். 2³¹ − 1, அதாவது 2147483647 பற்றி ஒரு சந்தேகம். 7 இதற்குப் பிரிமிட்டிவ் ரூட் என்றால், 7-இன் அடுக்குகளை இதனால் வகுக்கும்போது 1 முதல் 2147483646 வரை எல்லா மீதிகளும் வரும் என்று பொருள். 32 பிட்டில் எழுதும், மைனஸ் குறியும் ஏற்கும் (signed) ஓர் இன்டிஜர் எட்டக்கூடிய உச்சமும் இதுதான். இது பகா எண் என்று ஆய்லர் 1772-லேயே காட்டிவிட்டார். இதை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63தான் வரும். அதனால் இதன் வர்க்கமூலமான சுமார் 46340 வரை கொஞ்சம் எண்களைச் சோதித்தாலே போதும். அழகான வேலை, அதுவரை எனக்குப் புரிகிறது.

சிக்கல் அடுத்ததில். ஒன்றைக் கழித்தால்:

2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331

7 பிரிமிட்டிவ் ரூட் ஆக வேண்டுமானால், இதை இந்த ஏழு பகா எண்களால் தனித்தனியே வகுத்து, வரும் ஈவை 7-க்கு அடுக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். அவற்றை 2147483647-ஆல் வகுத்தால் எதிலும் மீதி 1 வரக்கூடாது. கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும், ஆனால் எனக்குக் காரணம் வேண்டும்.

2-க்கான சோதனை சுலபம். 7, 2147483647 இரண்டுமே 4-ஆல் வகுத்தால் மீதி 3 தருபவை; பெரிய எண்ணை 7-ஆல் வகுத்தால் மீதி 1. குவாட்ராட்டிக் ரெசிப்ராசிட்டிப்படி (இரண்டு பகா எண்களில் ஒன்று மற்றதன் வகுத்தலில் வர்க்க மீதியாக வருமா என்பதை இணைக்கும் விதி), எந்த எண்ணின் வர்க்கத்தை 2147483647-ஆல் வகுத்தாலும் மீதி 7 வராது. முடிந்தது.

3-க்கு, இதே போன்று கன மீதிகளுக்கான விதியான கியூபிக் ரெசிப்ராசிட்டி உதவும் என்று நினைக்கிறேன். அதற்கு இந்த எண்ணின் நாலு மடங்கை ஒரு வர்க்கம், இன்னொரு வர்க்கத்தின் 27 மடங்கு என இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க யாராவது வழி சொல்லுங்களேன்.

151, 331-க்கெல்லாம் அடுக்கைப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லையா? தெரிந்தவர்கள் ஒரு குறிப்பு கொடுத்தாலும் போதும், மீதியை நானே போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.