நியூ ஜெர்சி எடிசன் சொந்தபந்தம் குரூப்: பசங்க பேஸ்பால், சனிக்கிழமை லைன்-அப்

முரளி: சனிக்கிழமை பேஸ்பால் மேட்சுக்கு பேட்டிங் ஆர்டரும், பந்து எறியற பிட்சர் பேரும் ராத்திரி 9 மணிக்குள்ள மேனேஜருக்கு அனுப்பணும். ஸ்கோர் புக் யார்கிட்ட?

வசந்தி அத்தை: இவர்கிட்டதான். பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போயிருக்கார். போன் சைலன்ட்ல கிடக்கும்

பெரியப்பா: புக் எதுக்கு மாப்ளே. ஆதி பிட்ச் பண்ணட்டும். பேட்டிங் முதல்ல ரிஷி, அடுத்து ஆதி. கவின் 9

சுதா: எப்பவும் கவின்தானா 9?

கார்த்தி: பெரியப்பா, ரிஷி 30 தடவை ஆடினதுல 10 ஹிட், 1 வாக் (பிட்சர் நாலு பந்தைத் தப்பா போட்டதால சும்மாவே முதல் பேஸுக்குப் போனது). வாக் ஆவரேஜ்ல சேராது, அதனால 29க்கு 10, ஆவரேஜ் 0.345. கவினும் 30 தடவைதான். 6 ஹிட், 9 வாக். 21க்கு 6, ஆவரேஜ் 0.286. ஆனா வாக்கையும் சேர்த்து எத்தனை தடவை பேஸுக்குப் போனான்னு பாருங்க. ரிஷி 30க்கு 11. கவின் 30க்கு 15, அதாவது 0.500. இன்னிங்ஸுக்கு 3னு 6 இன்னிங்ஸ்ல நம்ம கையில இருக்கறதே 18 அவுட். அதைச் சிக்கனமா செலவழிக்கறவன்தான் மேல ஆடணும். 12 பசங்க வரிசையா ஆடுறப்போ, மூணாவது சான்ஸ் மேல இருக்கற பசங்களுக்குத்தான் கிடைக்கும்.

திவ்யா: சுதா பையனுக்கு வக்கீல் வந்தாச்சு

பெரியப்பா: கிரகப்பிரவேசத்துக்கு இட்லி கணக்கு போட்டதும் இவன்தானே

வசந்தி அத்தை: கடைசி பந்திக்கு உப்புமா 😂

கார்த்தி: வர்றேன்னு சொன்னவங்களை வச்சுத்தானே போட முடியும். பெரியப்பா கண்ணால பார்த்தே வாங்கின வேன் எத்தனை மாசம் ஓடுச்சு?

பெரியப்பா: வேன் பேச்சு வேண்டாம். அந்த 9 வாக் யார் கொடுத்தது? சரியான இடத்துல ஸ்ட்ரைக்கே போடத் தெரியாத பசங்க. சனிக்கிழமை வர்ற லெஃப்டி பிட்சர் உடம்புப் பக்கமா உள்ள குத்துவான். அப்ப கவின் முன்காலைப் பாரு. மூணாவது பேஸ் பக்கம் விலகுது, இடுப்பு முன்னாடியே திறந்துடுது. வெளி ஓரத்துல அடுத்த பந்து வந்தா பேட் எட்டாது. இது உன் ஷீட்ல எந்தக் கட்டத்துல இருக்கு?

முரளி: மாமா சொல்றது சரிதான், நானும் பார்த்தேன். சுதா, நாளைக்கு அவன் குதிகாலுக்குப் பின்னாடி ஒரு பேட்டைத் தரையில போட்டு வை, கால் விலகினா இடிக்கும். பந்தை வைக்கற டீ ஸ்டாண்டை வெளி ஓரத்துல, கொஞ்சம் பின்னாடி தள்ளி வச்சு ரைட் ஃபீல்டுக்கு அடிக்கச் சொல்லு. பயம் போக டென்னிஸ் பாலை உள்பக்கமா மெதுவா போடு.

சுதா: சரி அத்தான்

வசந்தி அத்தை: புளியோதரை நான். தயிர்சாதம் யாரு

திவ்யா: வெயில்ல தயிர்சாதம் வேணாம் அத்தை

பெரியப்பா: முதல் பையன் பேஸுக்குப் போனா அடுத்தவன் பன்ட், பேட்டை வீசாம பந்தை மெதுவா தட்டி விடணும். இதுல பேச்சே இல்ல

கார்த்தி: பெரிய லீக்ல முதல் பேஸ்ல ஆள் இருந்து அவுட் இல்லேன்னா, அந்த இன்னிங்ஸ்ல சராசரியா 0.9 ரன் பக்கம் வரும். பன்ட் போட்டு அவனை ரெண்டாவதுக்கு நகர்த்தி ஒரு அவுட் கொடுத்தா 0.7 பக்கம் இறங்கிடுது. கடைசி இன்னிங்ஸ், ஒரே ஒரு ரன் போதும்னா வேற விஷயம்.

முரளி: அது பெரியவங்க டேபிள் கார்த்தி. 11 வயசுப் பையன் பன்ட்டை எடுத்து அவசரத்துல எறிஞ்சா பந்து எங்கே வேணா போகும். ஆனா நமக்கு பன்ட்டே வேண்டாம். பந்து பேட்டர்கிட்ட வந்ததும் பேஸை விடலாம். கேட்சர் ஒரு பந்தைத் தவறவிட்டா ஆள் ரெண்டாவதுல நிப்பான், அவுட்டும் மிச்சம்.

கார்த்தி: பெரிய லீக்ல ஓக்லண்ட் டீம் இதைத்தான்

திவ்யா: ஓக்லண்ட் ஆரம்பிச்சாச்சு

கார்த்தி: 2002ல 103 வெற்றி. சம்பளப் பட்டியல் யாங்கீஸ் டீமோடதுல மூணுல ஒரு பங்குதான்

பெரியப்பா: ஜிட்டோ, ஹட்சன், மல்டர் பிட்ச் பண்ணா யாரும் ஜெயிப்பான். அந்த வருஷம் ஜிட்டோவுக்கு சிறந்த பிட்சர் விருது சை யங், டெஹாடாவுக்கு சிறந்த ஆட்டக்காரர் விருது எம்விபி. அதைச் சொல்ல மாட்டீங்க

முரளி: பிட்சர் விஷயம் முடிக்கலாமா?

கார்த்தி: ஆதி முடியாது அத்தான். புதன்கிழமை 52 பந்து. 51லேருந்து 65 வரைக்கும்னா 3 நாள் ஓய்வு. வியாழன், வெள்ளி, சனி. 50ல நிறுத்தியிருந்தா 2 நாள்தான்.

பெரியப்பா: நல்லா போட்டுக்கிட்டிருக்கற பையனை எண்ணிக்கை பார்த்து எடுக்கறதா? 2020 வேர்ல்ட் சீரிஸ் ஆறாவது மேட்ச். டாம்பா பே பிட்சர் ஸ்னெல் 73 பந்துதான், 2 ஹிட், 9 ஸ்ட்ரைக்அவுட், 1-0 முன்னிலை. மேனேஜர் கேஷ் வந்து எடுத்துட்டார். ஸ்னெல்கிட்ட ரெண்டு தடவையும் ஸ்ட்ரைக்அவுட் ஆன டாட்ஜர்ஸ் பெட்ஸ், மாத்து பிட்சர் ஆண்டர்சன் வந்ததும் டபுள் அடிச்சு ரெண்டாவது பேஸுக்குப் போயிட்டான். அந்த இன்னிங்ஸ்லயே அவங்க 2-1 முன்னிலை. டாட்ஜர்ஸ் கப்பைத் தூக்கிட்டுப் போயிட்டான்

கார்த்தி: மூணாவது சுற்றுல அதே பேட்டருக்குப் பந்து பழகிடும், அதனால எடுத்தாங்க. ஆனா ஆண்டர்சன் அந்த வருஷ போஸ்ட்சீசன் நாக்-அவுட் மேட்ச்ல வரிசையா ரன் கொடுத்துக்கிட்டிருந்தார். அந்த நம்பரையும் பார்த்திருக்கணும். ஆதி விஷயம் வேற பெரியப்பா. அது லீக் ரூல், முழங்கைக்காக வச்சது.

முரளி: ஒரு வழி இருக்கு. 50வது பந்து போட்டப்போ நின்ன பேட்டரோட நிறுத்தியிருந்தா, 52 ஆனாலும் 50னுதான் எடுத்துக்குவாங்க. அடுத்தவனுக்கு ஒரே பந்து போட்டிருந்தாலும் போச்சு. ஓய்வு 2 நாளா 3 நாளான்னு புக்கைப் பார்த்தாதான் தெரியும்.

திவ்யா: ஒரே பையன்தான். சிவப்பு ஹெல்மெட்

சுதா: அந்த டீமுக்கே சிவப்பு ஹெல்மெட்தான் அக்கா

ராமு மாமா: இப்பதான் பார்த்தேன். போட்டோ அனுப்பியிருக்கேன்

முரளி: மாமா, இது நம்ம பேட்டிங் பக்கம். எதிர் டீம் பக்கம் வேணும், அஞ்சாவது இன்னிங்ஸ்

ராமு மாமா: கார்ல இருக்கேன், வீட்டுக்குப் போய் அனுப்பறேன்

வசந்தி அத்தை: வர்ற வழியில பச்சை மிளகாய்

முரளி: அப்போ பிட்சர் இடத்தைக் காலியா விட்டு அனுப்பறேன். ரிஷி 1, ஆதி 2, கவின் 6

சுதா: 6 எந்தக் கணக்கு?

பெரியப்பா: 9ன்னு சொன்னேன்