இரவுப் பணிக்கு மாறிய பின் உணவையும் நடைப்பயிற்சியையும் எந்த நேரத்தில் வைப்பது?

எனக்கு 41 வயது. திருச்சியில் பகல் நேர வேலையில் இருந்தவரை, காலை நடையும் எட்டு மணிக்குள் இரவு உணவும் என்ற ஒழுங்கினால், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையிலிருந்த எனது ஹெச்பிஏ1சி என்ற இரத்தச் சர்க்கரை அளவு 5.8 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தது. ஜனவரியில் குடும்பத்துடன் சென்னை சோழிங்கநல்லூருக்குக் குடிபெயர்ந்து, மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரையிலான பணியில் சேர்ந்தேன். ஜூலைப் பரிசோதனையில் அது 6.3 ஆகிவிட்டது. ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு என்பதால், ஒருநாள் விருந்தின் மீது பழிபோட வழியில்லை. 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்றே கணக்கு. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், பழக்கங்களைச் சீராக்குங்கள் என்று மருத்துவர் கூறியுள்ளார்.

படுக்கையறை ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டும், பதினொரு மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. பணி முடிந்து நடக்கலாம் என்றால் அந்நேரத்தில் தெருநாய்களின் தொல்லை. மாலையில் வெயில் தணிவதற்குள் அலுவலக வண்டி வந்துவிடுகிறது. நள்ளிரவில் கேன்டீனில் பரோட்டாவும் ஃப்ரைடு ரைஸும்தான் கிடைக்கும் என்பதால் வீட்டிலிருந்து சுண்டலும் மோரும் எடுத்துச் செல்கிறேன். இது ஒன்றுதான் ஓரளவு நிலைத்திருக்கிறது. ஆனால் சனி, ஞாயிறுகளில் மனைவி, குழந்தைகளுடன் பகல் வாழ்க்கைக்குத் திரும்புவதால், வாரம் முழுவதும் கட்டிக்காத்த தூக்கமும் பசி நேரமும் திங்கட்கிழமை குலைந்துவிடுகின்றன. பணி நேரத்தை மாற்ற நிர்வாகம் மறுத்துவிட்டது.

நிரந்தர இரவுப் பணியில் இருப்பவர்கள், விடுமுறை நாட்களிலும் குலையாதபடி, முக்கிய உணவையும் நடைப்பயிற்சியையும் எந்தெந்த நேரத்தில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?