ஆட்டோபே ஒப்புதலை ரத்து செய்ய வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஓய்வூதியதாரரான என் தந்தையார், ஒரு ரூபாய்க்குச் சோதனைச் சந்தா என்று காட்டிய ஒரு பக்திப் பாடல் செயலியில் யுபிஐ பின்னை அழுத்தியிருக்கிறார். அந்த ஒரு ரூபாயுடன், மாதந்தோறும் 199 ரூபாயைத் தானாகவே பிடித்துக்கொள்ளும் ஆட்டோபே ஒப்புதலும் சேர்ந்தே பதிவாகிவிட்டது. செயலியை நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என அவர் நம்பினார். பிடித்தமோ தொடர்கிறது.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். அது வரத்தான் செய்கிறது; ஆனால் கடன் விளம்பரங்களுக்கு நடுவே ஆங்கிலத்தில் வந்து விழும் அந்தக் குறுஞ்செய்தி அவர் கண்ணில் படுவதே இல்லை. (சேர்வதற்கு ஒரு பொத்தான், விலகுவதற்கு ஒன்பது திரைகள் என்பது தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.)

அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியில் இந்த ஒப்புதல் தென்படவில்லை. கைப்பேசியில் உள்ள வேறொரு யுபிஐ செயலி வழியாகப் பதிவாகியிருந்தால் அதை எங்கே தேடுவது, வங்கிக் கிளையில் எழுத்துமூலம் கேட்டால் ரத்து செய்து தருவார்களா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மேலும், ஓய்வூதியக் கணக்கை யுபிஐயிலிருந்து விலக்கிவிட்டு, 2024இல் அறிமுகமான யுபிஐ சர்க்கிள் (ஒருவரின் கணக்கிலிருந்து அவர் அனுமதிக்கும் இன்னொருவர் பணம் செலுத்தும் வசதி) மூலம் என் கணக்கில் அவரை இரண்டாம் பயனராகச் சேர்க்க எண்ணுகிறேன். பெற்றோருக்கு அவ்வாறு செய்து கொடுத்தவர்கள், மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் அது தடையின்றி இயங்குகிறதா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.