கத்தோலிக்கத் துறவிக்குத் தபோவனச் சுவாமிகள் குருவாக முடியுமா?

காவேரிக்கரை:
குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் சாந்திவனம் ஆசிரமம் பலருக்கும் தெரிந்திருக்கும். 1950-ல் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ஹென்றி லெ சோ. பிரான்சின் பிரிட்டனி பகுதிக்காரர், பெனடிக்ட் சபைத் துறவி. 1948-ல் இங்கே வந்து, பிறகு அபிஷிக்தானந்தர் ஆனார். 1955 கடைசியில் திருக்கோவிலூர் தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகளைப் பார்த்தார், விழுந்து வணங்கினார், அவரைத் தன் குருவாகவே கருதினார். ஆனால் திருச்சபையை விட்டு விலகவில்லை. 1973-ல் இறக்கும்வரை கத்தோலிக்கப் பாதிரியார்தான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்பது என் கருத்து. கொள்கை ஒத்துப்போனால்தான் ஒருவரைக் குருவாக ஏற்கலாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செபமாலை:
எங்கள் பங்குக் கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித் தருகிறேன், அதனால் இது எனக்கு வெறும் வரலாறு அல்ல. மத்தேயு 23-ல் உங்கள் போதகர் ஒருவரே என்று ஆண்டவர் சொல்கிறார். ஞானானந்தர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மரியாதை வேறு, தன்னையே ஒப்படைப்பது வேறு. அவர் போதித்தது அத்வைதம்: உள்ளே போ, ‘நான்’ கரையட்டும் என்பது. நாங்கள் செபிப்பதோ, கூப்பிட்டால் கேட்கிற ஒருவரிடம். சாந்திவனத்தைச் சேர்ந்து தொடங்கிய மோன்ஷனின் அடிகளுக்கே தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளையும் அத்வைதத்தையும் இப்படி இணைப்பதில் பெரிய தயக்கம் இருந்தது. லெ சோவின் நாட்குறிப்பைப் படித்தால், பல வருடம் இரண்டுக்கும் நடுவே அவர் பட்ட வேதனை தெரியும். பொருந்தாத இரண்டைச் சேர்த்துப் பிடித்ததால் வந்த வேதனை அது.

தபோவன அடியார்:
அக்கா, வேதனைப்பட்டார் என்பது உண்மைதான். அதைப் பொய்க்கு அடையாளமாக எடுத்துக்கொள்வதுதான் சரியில்லை. 1949 ஜனவரியில் அவர் முதலில் போனது ரமணரிடம். பெரிதாக எதிர்பார்த்துப் போய் ஏமாந்தார். எதிரே உட்கார்ந்திருந்தது சாதாரண முதியவர். இவ்வளவு எதிர்பார்ப்பைச் சுமந்துகொண்டு வந்தால் எதுவும் தெரியாது என்று ஆசிரமத்தில் இருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணி அவரிடம் சொன்னார். அடுத்த வருடமே ரமணர் போய்விட்டார். பிறகு அருணாசலத்தின் குகைகளில் மௌனமாக இருந்து பழகியவர்தான் திருக்கோவிலூருக்கு வந்தார். அங்கேயும் பார்த்தது குள்ளமான ஒரு கிழவர், காவி வேட்டி, மழிக்காத முகம். பேசியதோ சாதாரணத் தமிழ். ஆனால் அந்தப் பேச்சு தன் நெஞ்சுக்குள்ளிருந்தே வருவதுபோல இருந்தது என்கிறார். சுவாமிகள் அவரை மதம் மாறச் சொல்லவில்லை. குருவே கேட்காத நிபந்தனையை நாம் ஏன் போட வேண்டும்?

மலைவலம்:
ஆசிரமம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை யாருமே சொல்லவில்லையே. இந்தியத் துறவு மரபு கிறிஸ்துவில் நிறைவடைய வேண்டும் என்பது அந்த இருவரும் எழுத்தில் வைத்த நோக்கம். 1606-ல் மதுரைக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி சன்னியாசி கோலம் பூண்டதையும் மறந்துவிடக் கூடாது. காவி கட்டுவது எங்கள் இந்து மரபில் சாதாரண விஷயம் அல்ல. ஒருவரைக் குரு என்று வணங்கினால் அவர் தருவதை முழுசாக வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியதைக் கொண்டுபோய்த் தன் திருப்பலிக்குள், அதாவது கோவில் பூசைக்குள், பொருத்துகிறவரைச் சீடர் என்று என்னால் சொல்ல முடியாது.

காவேரிக்கரை:
தொடக்க நோக்கம் அதுதான், மறுக்கவில்லை. அப்புறம் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். நிறைவு கொடுக்க வந்தவர் மாணவராக உட்கார்ந்துவிட்டார். 1968-ல் சாந்திவனத்தை ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸிடம் விட்டுவிட்டு உத்தரகாசிப் பக்கம் ஒரு குடிலில் போய்த் தங்கினார். 1973 ஜூன் மாதம் ரிஷிகேசத்தில் கங்கையில் நின்று தன் சீடரான ஒரு பிரெஞ்சு இளைஞருக்குச் சன்னியாச தீட்சை கொடுத்தார். கூடவே நின்று தீட்சை கொடுத்தவர் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் தொடங்கிய தெய்வ நெறிக் கழகத்துச் சிதானந்தர். வேடம் போட்ட ஆளோடு சேர்ந்து சிதானந்தர் தீட்சை கொடுத்திருப்பாரா?

மலைவலம்:
அது சிதானந்தரின் பெருந்தன்மை. அவர் ஏற்றதால் நானும் ஏற்க வேண்டும் என்று இல்லை. ஒரு இந்து சன்னியாசி, சன்னியாசியாகவே இருந்துகொண்டு, ஒரு பாதிரியாரைக் குரு என்று எழுதியிருந்தால் அவருடைய மடம் என்ன சொல்லியிருக்கும்? எனக்குத் தெரிந்து அடுத்த நாளே வெளியே அனுப்பியிருப்பார்கள். அதில் தப்பும் சொல்ல மாட்டேன்.

செபமாலை:
இந்த விஷயத்தில் மலைவலம் சொல்வது எனக்குப் புரிகிறது. 1965-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், மற்றச் சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று சொன்னது. மனதார ஏற்கிறேன். அதே இடத்தில்தான் வழியும் உண்மையும் வாழ்வும் கிறிஸ்துவே என்று அறிவிக்கும் கடமையையும் சொல்கிறது. கிறிஸ்துவே இருப்பதாக நாங்கள் நம்பும் நற்கருணைப் பேழை முன் முழந்தாளிடச் சொல்லித் தருகிற நான், அதே பிள்ளையிடம் இன்னொருவர் காலிலும் விழலாம் என்று எப்படிச் சொல்வேன்?

தபோவன அடியார்:
பெரியவர்கள் காலில் நாம் எல்லோரும் விழுகிறோமே அக்கா. பொங்கலன்று உங்கள் பிள்ளைகளும் தாத்தா பாட்டி காலில் விழுந்திருப்பார்கள்.

செபமாலை:
விழுந்திருக்கிறார்கள். ஆனால் தபோவனத்தில் நடந்தது அது இல்லை, தம்பி. அவரே அப்படிச் சொல்லவில்லை. அங்கே தன்னைக் கொடுத்துவிட்டதாகத்தான் சொல்கிறார். அதைப் பொங்கல் ஆசீர்வாதம் அளவுக்குச் சுருக்கினால் அவருக்கும் நியாயம் இல்லை, உங்கள் சுவாமிகளுக்கும் நியாயம் இல்லை.

தபோவன அடியார்:
சரி, சுருக்கவில்லை. கொடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். கொடுத்த பிறகும் கங்கோத்ரி வரை போய்த் திருப்பலி வைத்தாரே, அதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? சுவாமிகளிடம் தன்னைக் கொடுத்தவருக்கு கிறிஸ்து இல்லாமல் போகவில்லை. இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் அக்கா, காத்திருக்கிறேன்.