ட்ராஃப்ட்டை, அதாவது ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வீரர்களைத் தேர்ந்தெடுக்கறதை, எந்த நாள் வெக்கலாமுங்க?

திருப்பூர்ல பத்துப் பேர் சேர்ந்து ஆடற இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து ஃபேன்டஸிங்க; நெஜ வீரர்களை வெச்சு கற்பனை டீம் கட்டி, அவங்க ஆடறதுக்குப் புள்ளி எடுக்கற ஆட்டம். ஆளுக்கு 15 வீரர்: கோல்கீப்பர் 2, டிஃபெண்டர் 5, மிட்ஃபீல்டர் 5, ஃபார்வர்ட் 3. ஆக 150 தேர்வு. ஒண்ணுக்கு 60 நொடின்னாலே இரண்டரை மணி நேரம். நடுவுல நெட் போனா ஆப்பே ஆளை எடுத்துரும், அப்புறம் பஞ்சாயத்துதான்.

சீசன் ஆகஸ்ட்ல தொடங்குது. ஆடிப்பெருக்குக்கே முடிச்சுட்டா, நட்பு ஆட்டத்துல எவனாவது காலை முறிச்சுக்குவான். இல்லீன்னா ஸ்பெயின் கிளப்புக்குப் போயிருவான், அந்த இடமே வீண். முதல் ஆட்டத்துக்கு முந்தின வாரந்தான் எனக்குச் சரியாப் படுது.

சனி சாயங்காலம் கம்பெனில சம்பளம் போடற நேரம், ஆகாது. ஞாயிறு காலை பத்தா, புதன் ராத்திரி ஒம்பதரையா? ஆவணி முகூர்த்தம் இருக்கறவங்க இப்பவே சொல்லிருங்க.