வைட்டமின் ஏ: 12 சதவீதமா, 24 சதவீதமா?

செந்தில்:
மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 மீளாய்வைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 19 ஆய்வுகள், 12 லட்சம் குழந்தைகள். ஃபிக்ஸட் எஃபெக்ட் முறையில் கூட்டினால் வைட்டமின் ஏ குழந்தை மரணத்தை 12 சதவீதம் குறைக்கிறது, ராண்டம் எஃபெக்ட் முறையில் 24. தரவு மாறாமல் பலன் இரட்டிப்பானால், பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகக் கூட்டும் மெட்டா அனாலிசிஸை எப்படி நம்புவது?

மலர்விழி:
காரணம் அந்த 19-ல் மிகப் பெரியதான தேவ்டா ஆய்வு, சார். உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் குழந்தைகள், மரணம் குறைந்தது 4 சதவீதம்தான். எல்லா ஊரிலும் பலன் ஒன்றே என்று ஃபிக்ஸட் எஃபெக்ட் எடுத்துக்கொள்வதால் தேவ்டாவின் எடையே முடிவை இழுத்துவிடுகிறது. ஊருக்கு ஊர் பலன் மாறும் என்று ஒப்புக்கொள்வதுதான் ராண்டம் எஃபெக்ட். எனக்கு அதுதான் சரி.

செந்தில்:
பெரிய ஆய்வு இழுத்தால் என்ன தப்பு? சின்ன ஆய்வுகளில் பலன் தெரிந்தவைதான் சுலபமாக அச்சேறும், மற்றவை பெட்டிக்குள் கிடக்கும். ராண்டம் எஃபெக்ட் செய்வதுபோல் சின்ன ஆய்வுகளுக்குக் கூடுதல் எடை கொடுத்தால் அந்தச் சாய்வையே பெரிதாக்குகிறோம்.

மலர்விழி:
திருச்சி ஆய்வு சின்னதா? 1990-ல் வெளியானது, 15,419 குழந்தைகள், வாராவாரம் வீடு தேடிப்போய்ச் சிறிய அளவு கொடுத்தார்கள், மரணம் 54 சதவீதம் குறைந்தது. தேவ்டாவில் ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய டோஸ், அங்கன்வாடி வழியாக. அத்தனை பேருக்கும் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று அப்போதே பலர் கேட்டார்கள்.

செந்தில்:
சேர்ந்தது என்பதற்கு ஆதாரம் இருக்கிறதே. வைட்டமின் ஏ குறைபாட்டால் கண்ணில் வரும் பிடோ புள்ளிகள் மருந்து கொடுக்காத வட்டாரங்களில் 3.5 சதவீதம், கொடுத்த வட்டாரங்களில் 1.4. குறைபாடு தீர்ந்தும் மரணம் அவ்வளவாகக் குறையவில்லை, அதுதான் செய்தி. அப்புறம், வாராந்திரச் சிறு அளவும் ஆறு மாத டோஸும் ஒரே கேள்வியே இல்லை, இரண்டையும் ஒன்றாகக் கூட்டியதே எனக்கு உறுத்துகிறது.

மலர்விழி:
கண் பரிசோதனை செய்தது அந்த 10 லட்சத்தில் சில ஆயிரம் பேருக்குத்தான், அதை வைத்து மொத்த வட்டாரத்துக்கும் சொல்ல நான் தயங்குவேன். கூட்டியது பற்றிச் சொன்னீர்களே, அது நியாயம். டோஸ் வாரியாகப் பிரித்த கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும், எந்த முறையில் கூட்டுவது என்பதையும் தரவைத் தொடுவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். ஆனால் 12 என்ற ஒற்றை எண்ணை மட்டும் சுகாதாரத் துறைக்கு அனுப்பினால் நான் எதிர்ப்பேன்.