கல்பாக்கம் ஈனுலை: கரன்ட்டுக்கா, குண்டுக்கா?

ஒற்றைப்பனை | பிப்ரவரி 2, 2025, இரவு 9:40

நேற்றைய பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன், 2047-க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின்சாரம் என்று அறிவித்துவிட்டார். இப்போது கையில் இருப்பது எட்டாயிரத்துச் சொச்சம். சிறிய மாடுலர் உலைகளுக்கு 20,000 கோடி, தனியாரை உள்ளே விட அணுசக்திச் சட்டத்தில் திருத்தம், விபத்து இழப்பீட்டுச் சட்டத்திலும் திருத்தம். இதையெல்லாம் டிவியில் பேசித் தீர்த்துவிட்டார்கள். நான் பேச வந்தது கல்பாக்கத்தைப் பற்றி.

அங்கே 2004-ல் கட்ட ஆரம்பித்த 500 மெகாவாட் ஈனுலை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை ஈன்று தரும் அணு உலை) 2010-ல் ஓடியிருக்க வேண்டும். 2024 மார்ச்சில்தான் பிரதமர் முன்னிலையில் கோர் லோடிங்கே, அதாவது உலை மையத்தை நிரப்பும் வேலையே, தொடங்கியது. இன்றுவரை ஒரு யூனிட் வரவில்லை. சுமார் 3,500 கோடி என்று போட்ட மதிப்பீடு எப்போதோ இரட்டிப்பாகிவிட்டது. வேறு எந்த மின் நிலையத்துக்காவது அரசாங்கம் இவ்வளவு பொறுமை காட்டுமா?

2006-ல் அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்துக்காக 22 உலைகளில் 14-ஐ சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்குத் திறந்துவிட ஒப்புக்கொண்டோம். ஈனுலை விஷயத்தில் மட்டும் முடியவே முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றோம். வெறும் கரன்ட்டுக்கு என்றால் கதவைத் திறப்பதில் என்ன கூச்சம்?

பல்லடம் தறிக்காரன் | இரவு 10:05

ஏனுங்க, 2012 எல்லாருக்கும் மறந்து போச்சுங்களா? ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், பன்னெண்டு மணி நேரம் கரன்ட் இருக்காது. எங்க ஊர்ல தறி ஓட்டினவன் பாதிப் பேர் தறியை எடைக்குப் போட்டுட்டு பனியன் கம்பெனிக்குப் போனான். அப்பவும் இதே மாதிரி கூடங்குளம் வேணாம்னு எழுதிட்டு இருந்தாங்க. 2013-ல அது கிரிட்டுக்கு வந்துச்சு, இப்ப ரெண்டு உலை, 2,000 மெகாவாட். வெளிநாட்டுக்காரன் வந்து பாக்குறானா இல்லையாங்கறது எனக்கு முக்கியமில்லைங்க. ராத்திரி ஷிப்ட்டுக்கு கரன்ட் வருமா, அவ்வளவுதான்.

ஆரல்வாய்க் காற்று | இரவு 10:31

தறிக்காரரே, 2012-ஐ மறக்கவில்லை. அப்போது காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுபோக லைன் இல்லாமல் எங்கள் பக்கம் காற்றாடிகளை நிறுத்தி வைத்த கதையும் மறக்கவில்லை.

அணுசக்தித் துறையின் இலக்குகளை நம்புவதற்கு முன் பழைய இலக்குகளைப் பார்க்கலாம். விக்ரம் சாராபாய் காலத்தில் 2000-க்குள் 43,000 மெகாவாட் என்றார்கள். 1984-ல் அதை 10,000 ஆக்கினார்கள். 2000 வந்தபோது மூவாயிரத்தைக்கூட எட்டவில்லை. பிறகு 2020-க்குள் 20,000 என்றார்கள், வந்தது 6,780. நாட்டின் மொத்த மின்சாரத்தில் அணுவின் பங்கு இன்னும் மூன்று சதவீதம். கல்பாக்கத்தின் பழைய அணுமின் நிலையத்தில் முதல் உலை 2018 ஜனவரியில் நின்றது, இன்னும் நிற்கிறது. சூரிய மின்சார டெண்டர்களோ யூனிட் இரண்டரை ரூபாய் வாக்கில் முடிகின்றன.

பல்லடம் தறிக்காரன் | இரவு 10:38

சாயங்காலம் ஏழு மணிக்கு உங்க சூரியன் எங்க போகுதுங்க? ஆடிக் காத்து கார்த்திகையில வீசுமா?

கனநீர் | பிப்ரவரி 3, காலை 6:15

இந்தத் துறையில் முப்பது வருடம் சம்பளம் வாங்கியவன். அதனால் என் சாய்வு இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒற்றைப்பனை சொல்வதில் ஒரு பெரிய விடுபடல் இருக்கிறது. நம்மிடம் யுரேனியம் குறைவு, இருப்பதும் தரம் மட்டம். தோரியம் ஏராளம். மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரை மணலிலேயே கிடக்கிறது. ஆனால் தோரியத்தை அப்படியே எரிக்க முடியாது. ஈர விறகு மாதிரி, பக்கத்தில் எரிகிற கட்டை வேண்டும். அதனால்தான் ஹோமி பாபா மூன்று கட்டமாக யோசித்தார்: கனநீர் உலையில் (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீரைப் பயன்படுத்தும் உலை) இயற்கை யுரேனியத்தை எரித்து, உலைக்கும் குண்டுக்கும் உதவும் புளூட்டோனியத்தை எடுப்பது, அந்தப் புளூட்டோனியத்தை ஈனுலையில் பெருக்குவது, கடைசியில் தோரியம். நடுப்படி இல்லாமல் மாடிக்குப் போக முடியாது. பொறுமைக்குக் காரணம் அதுதான்.

குண்டு செய்ய வேண்டும் என்றால் டிராம்பேயில் துருவா உலை 1985 முதல் இருக்கிறது. 1974 பொக்ரான் சோதனைக்குக் கனடா கொடுத்த சைரஸ் உலையே போதுமானதாக இருந்தது. குண்டுக்காக இவ்வளவு சிக்கலான, சூட்டைத் தணிக்கத் தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியம் ஓடுகிற உலையைக் கட்ட வேண்டிய அவசியம் யாருக்கு?

தாமதம் உண்மைதான், மறுக்கவில்லை. ஜப்பானின் மோஞ்சு, பிரான்சின் சூப்பர்ஃபீனிக்ஸ் ஈனுலைகள் இரண்டையும் மூடினார்கள். ஆனால் ரஷ்யாவின் பெலோயார்ஸ்க்கில் பி.என்.-600 என்ற ஈனுலை 1980 முதல் ஓடுகிறது. கஷ்டமான வித்தை, கைகூடாத வித்தை இல்லை.

ஒற்றைப்பனை | காலை 8:50

//குண்டுக்காக இவ்வளவு சிக்கலான உலையைக் கட்ட வேண்டிய அவசியம் யாருக்கு?//

கனநீர் சார், இதற்குப் பதில் உங்கள் துறைத் தலைவரே சொல்லியிருக்கிறார். 2006 பிப்ரவரியில் அனில் ககோட்கர் ஆங்கில நாளிதழ் ஒன்றுக்குப் பேட்டி கொடுத்தார். நீண்டகால எரிசக்திப் பாதுகாப்பு, குறைந்தபட்ச அணு ஆயுத பலம், இந்த இரண்டுக்காகவும் ஈனுலைகளைக் கண்காணிப்பில் வைக்க முடியாது என்பது அவர் நிலை. நான் கற்பனை செய்யவில்லை.

உலையின் மையத்தைச் சுற்றிப் போர்வை போல யுரேனியம் அடுக்குகிறார்களே, அதில் விளையும் புளூட்டோனியம் ஆயுதத் தரம். கிளேசர், ரமணா என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 2007-ல் போட்ட கணக்கில் வருடத்துக்கு 140 கிலோ வரை வரலாம். சர்வதேச முகமை ஒரு குண்டுக்கு என்று வைத்திருக்கும் அளவு 8 கிலோ. நீங்களே வகுத்துப் பாருங்கள்.

கனநீர் | காலை 9:30

140 கிலோ என்பது உச்சபட்ச சாத்தியம், திட்டம் அல்ல. புளூட்டோனியத்தைப் பிரிக்கப் போர்வையைத் தனியாகக் கரைத்தால்தான் அந்தத் தரம் கிடைக்கும். மைய எரிபொருளோடு சேர்த்துக் கரைத்தால் தரம் போய்விடும். அதோடு, போர்வைப் புளூட்டோனியம்தான் அடுத்த ஈனுலைக்கு மூலதனம். அதைக் குண்டுக்கு எடுப்பது விதைநெல்லைப் பொங்கித் தின்பது போல.

ஒற்றைப்பனை | காலை 9:44

விதைநெல்லுக்கு மாற்று இருக்கிறதே சார். கண்காணிப்புக்கு வெளியே விட்ட எட்டு கனநீர் உலைகளின் எரிந்த எரிபொருளிலிருந்து மட்டமான புளூட்டோனியத்தை எடுத்து மையத்தில் போடலாம், போர்வையில் நல்லதை அறுக்கலாம். ரேஷன் அரிசியைப் போட்டுச் சீரகச் சம்பா எடுக்கிற உலை அது!

கனநீர் | காலை 10:20

உவமையை ரசித்தேன். இயற்பியல்படி தவறில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆயுதங்களைக் கணக்கெடுக்கும் ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனமான சிப்ரியின் கணக்குப்படி 2024 ஜனவரியில் நம்மிடம் 172 குண்டுகள், பாகிஸ்தானிடம் 170, சீனாவிடம் 500. இந்தப் பக்கத்து வீட்டில் குடியிருந்துகொண்டு, வேண்டும் என்றால் பெருக்க முடியும் என்கிற வசதியைக் கையில் வைத்திருப்பது குற்றமா? நாம் 2003 கொள்கையில் முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று அறிவித்த நாடு. முதல் அடி வாங்கிவிட்டுத் திருப்பி அடிக்க வேண்டியவனுக்குக் கையிருப்பு வேண்டும்.

ஆரல்வாய்க் காற்று | காலை 10:52

அடடா. காலை ஆறே காலுக்கு மாடிப்படி, பத்து இருபதுக்குக் கையிருப்பு.

குற்றமா என்று நான் கேட்கவில்லை. யார் கணக்கில் எழுதுவது என்று கேட்கிறேன். நாட்டுப் பாதுகாப்புக்கு என்றால் பாதுகாப்பு பட்ஜெட்டில் எழுதுங்கள், நாடாளுமன்றத்தில் விவாதியுங்கள். மின்சாரத்துக்கு என்றால் யூனிட் என்ன விலை என்று சொல்லுங்கள், என் காற்றாடியோடு போட்டி போடட்டும். கரன்ட் கணக்கைக் கேட்டால் ராணுவ ரகசியம், ராணுவக் கணக்கைக் கேட்டால் கரன்ட்டுக்காக என்பது எந்த ஊர் நியாயம்?

பல்லடம் தறிக்காரன் | காலை 11:10

இது வாஸ்தவமான பேச்சுங்க. நான் கரன்ட்டுன்னு நெனச்சுத்தான் சப்போர்ட் பண்ணிட்டு இருந்தேன். இருபது வருசமா ஒரு யூனிட்டும் வரலைங்கறதும் இப்பத்தான் கவனிக்கறேன். ஆனா கூடங்குளத்தை இதோட சேர்த்துக் கட்டாதீங்க. அது ரஷ்யா உலை, முகமை வந்து பாக்குது, கரன்ட்டும் வருது.

சதுரங்கப்பட்டினத்தான் | மதியம் 1:25

நேத்துலேர்ந்து படிச்சிட்டிருக்கேன். நம்ம ஊர் பேர் இவ்ளோ வருது, ஆனா ஊர்க்காரன் ஒருத்தனும் பேசல. பழைய டச்சுக் கோட்டைக்குப் பக்கத்துல வீடு. மச்சான் பிளான்ட்ல கான்ட்ராக்ட் வேலை, பெரியப்பா குடும்பம் கடல் தொழில். அதனால நான் எந்தக் கட்சியும் இல்ல.

2004 சுனாமி அன்னிக்கு ஈனுலைக்குத் தோண்டின பள்ளம் பூரா கடல் தண்ணி. ஓடிட்டிருந்த உலையில பம்ப் ஹவுஸ்ல தண்ணி ஏறி, அதை ஒழுங்கா நிறுத்திட்டாங்க. அது பெரிய விஷயம், நான் குறை சொல்லல. அப்புறம் பள்ளத்துல தண்ணிய இறைச்சுட்டு அதே இடத்துல கட்டினாங்க.

எனக்கு குண்டு, யூனிட் விலை ரெண்டும் தெரியாது. சோடியம் மட்டும் தெரியும். ஸ்கூல்ல சார் ஒரு துண்டைத் தண்ணியில போட்டுக் காட்டினாரு, டப்புன்னு எரிஞ்சுது. இந்த உலைக்குள்ள அது ஆயிரம் டன்னுக்கு மேல. எங்க ஊர்ல தீயணைப்பு வண்டின்னா தண்ணி வண்டிதான். வெளிநாட்டுக்காரன் வந்து கண்காணிச்சா இதையும் பாப்பானா?

கனநீர் | மதியம் 2:40

தம்பி, பார்க்க மாட்டான். சர்வதேச முகமையின் அந்தக் கண்காணிப்பு புளூட்டோனியம் கணக்குக்கு, ஊர்ப் பாதுகாப்புக்கு அல்ல. இந்த இழையில் இரண்டையும் எல்லோரும் குழப்பிக்கொண்டிருந்தீர்கள், நானும் திருத்தாமல் விட்டுவிட்டேன். பாதுகாப்பைப் பார்ப்பது நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்.

சோடியத்துக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். அதன் மேலே ஆர்கான் வாயு நிற்கும், காற்றே படாது. கசிந்தால் உலர்பொடி போட்டு அமுக்குவார்கள். மோஞ்சுவில் 1995 டிசம்பரில் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. கதிர்வீச்சு வெளியே போகவில்லை, யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்த இடத்தில் எடுத்த வீடியோவை வெட்டி, மோசமான பகுதியை மறைத்துக் காட்டினார்கள். மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஜனங்கள் அந்த உலையை நம்பவே இல்லை. 2016-ல் கைவிட்டார்கள்.

ஒற்றைப்பனை | மதியம் 2:58

அந்த வாரியம் யாருக்குப் பதில் சொல்லும் என்பதையும் சொல்லிவிடுங்கள் சார். அணுசக்தி ஆணையத்துக்கு. அதன் தலைவர் யார்? அணுசக்தித் துறைச் செயலர். உலையைக் கட்டுவதும் அதே துறை.

கனநீர் | மாலை 4:05

ஆம். 2012-ல் தணிக்கை அதிகாரியின் அறிக்கையும் இதைத்தான் குறை சொன்னது. சரியாகச் சொன்னது. வாரியத்தைத் துறையிடமிருந்து பிரிக்க 2011-லேயே ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், அது காலாவதியாகிவிட்டது. 1,00,000 மெகாவாட்டுக்குச் சட்டம் திருத்தப் போகிறவர்கள் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பேன்.

சதுரங்கப்பட்டினத்தான் | மாலை 4:20

சரி சார், நன்றி. இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஜப்பான்ல வீடியோவ வெட்டினாங்கன்னு கண்டுபிடிக்கிறதுக்கு அங்க ஒரு வீடியோ வெளிய வந்துது. இங்க எங்களுக்கு யாரு காட்டுவாங்க?